எதிராளியே இல்லாத தங்கப் பதக்கம்

ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்து திறந்து அலுத்துப்போன பூட்டுக்காரர், ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு முடிவுக்கு வந்தார். இனி மனிதர்களைப் பூட்டுவது. கடைக்கு எதிர்மாடியில், எதிராளியின் கை காலை மடக்கிப் பூட்டுப் போடும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு மல்யுத்த வகுப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தார். வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, தன்மேல் தனக்கே ஒரு மரியாதை வந்தது.

மனைவி முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். அவளிடம் சரித்திரம் சொன்னார்.

“ஜப்பான்ல பொறந்து, கப்பலேறி பிரேசில் போய் வளர்ந்த வித்தை. அங்க நோஞ்சானா ஒருத்தர் இருந்தாராம். பலத்தை நம்பினா ஆகாதுன்னு, மல்லாந்து படுத்துக்கிட்டே மலை மாதிரி ஆளையெல்லாம் மடக்கினாராம்.”

“படுத்துக்கிட்டே ஜெயிக்கலாமா?”

“ஆமா.”

“உங்களுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு.”

சாயங்காலமானால் வீட்டில் பயிற்சி. பூட்டுப் போட ஆள் வேண்டுமே, மனைவிதான் ஆள். அவர் பிடி போடுவார், அவள் விடுவித்துக்கொள்வாள். பிறகு அவள் போடுவாள், அவர் விடுவித்துக்கொள்ள வேண்டும். தகராறே இங்கேதான். வலி தாங்காவிட்டால் கையால் தட்ட வேண்டும், உடனே விட்டுவிட வேண்டும் என்பது விதி. அவர் தரையைத் தட்டிய தட்டில் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, “கூப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

உருள இடம் போதவில்லை. முன்னறையைக் கேட்டார். மெஷினை நகர்த்தி மெத்தை விரித்தால் அருமையான பயிற்சிக்கூடம்.

“உங்க மாஸ்டர் சொன்ன போட்டியில தங்கம் வாங்கிட்டு வாங்க, ரூம் உங்களுக்கு” என்றாள் மனைவி.

“நிஜமாவா?”

“மாஸ்டர்கிட்ட சொல்லி நானும் பேர் குடுக்கறேன். எனக்கு மட்டும் தங்கம் கிடைச்சா, ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் கிடைச்சா ரூம் உங்களுக்குத்தான்.”

பூட்டுக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். போட்டியில் வயது, எடை, பெல்ட் பார்த்துப் பிரிவு பிரிக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய, வெள்ளை பெல்ட் கட்டிய ஒட்டடைக்குச்சி ஆசாமி அவரைத் தவிர யாரும் பேர் கொடுக்கவில்லை. விசாரித்து வைத்திருந்தார். எதிராளி இல்லையென்றால், கூப்பிடும்போது போய் நின்றாலே தங்கம்.

போட்டி நாளில் முதலில் பெண்களை அழைத்தார்கள். மனைவியின் பிரிவில் இரண்டே பேர். எதிரே வந்தவள் ஒரு பேக்கரிக்காரி. மாவு பிசைந்து உரமேறிய கை. வந்த வேகத்தில் மனைவியைக் கீழே தள்ளி மேலே ஏறிவிட்டாள். பூட்டுக்காரருக்கு ரூமாவது மண்ணாவது, இவள் முழுசாக எழுந்து வந்தால் போதும் என்றிருந்தது.

மனைவி பதறவில்லை. மல்லாந்தபடியே பேக்கரிக்காரியின் கையைப் பிடித்தாள். இடுப்பைத் திருப்பினாள். ஒரு காலை அவள் முகத்துக்கு மேலே போட்டு, கையை நீட்டி இழுத்தாள். பேக்கரிக்காரி வலி தாங்காமல் தரையைத் தட்டினாள். நடுவர் மனைவியின் கையை உயர்த்தினார்.

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“என் சம்சாரம். பாத்தீங்கல்ல?”

“பாத்தேன் சார்.”

“அந்தப் பூட்டை என் கையிலதான் பழகினா. தட்டித் தட்டி என் உள்ளங்கையே காய்ச்சுப்போச்சு.”

காவலாளியிடம் சொன்னார். தண்ணீர் விற்றவரிடம் சொன்னார். பேக்கரிக்காரியின் கணவரையும் விடவில்லை. “கவலைப்படாதீங்க, காலையில கை சரியாயிடும். எனக்கு தினமும் ஆயிடுது” என்று தேற்றினார். மனைவி தங்கப் பதக்கத்தோடு வந்து அருகில் உட்கார்ந்தாள். அவளைக் காட்டிக் காட்டி இன்னும் உற்சாகமாகப் பேசினார். இவளைப் போல் இந்த அரங்கத்தில் இன்னொருத்தி இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“எங்க சார் போனீங்க? மைக்ல மூணு தடவை கூப்பிட்டாச்சு. ஆள் வரலைன்னு உங்க பேரை அடிச்சுட்டாங்க.”

“சும்மா நிக்கறதுதானே? இப்ப வந்து நிக்கறேன்.”

“அந்தப் பிரிவையே முடிச்சுட்டாங்க சார்.”

பூட்டுக்காரர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ இங்கதானே இருந்தே. காதுல விழலையா?”

“விழுந்துச்சே.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

மனைவி பெல்ட் நுனியால் பதக்கத்தைத் துடைத்தாள்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைப் பத்தி நாலு பேர்கிட்ட பெருமையா பேசினீங்க. குறுக்க பேச மனசு வரலைங்க.”