லேபிள் ஒட்டிய முந்திரிக்கொத்து

பசி வயிற்றைக் கிள்ளும்போதும் நிதானமாக வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதப்பிறவி எங்கள் லேபிள்தான். 2008இல் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் இருவரும் பிளஸ் டூ படித்தோம். அவனுடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

தின்பண்டப் பாக்கெட் எதுவானாலும் பின்பக்கத்தை வாசிக்காமல் பிரிக்க விடமாட்டான். நாங்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு சுற்றி நிற்போம். அவன் ஜெபம் சொல்வதுபோல ஆரம்பிப்பான்.

“ஏலே, வெளிய சோளப் படம். உள்ள முதல்ல எண்ணெய்னு எழுதியிருக்கான். எது கூடுதலோ அதுதான் முதல்ல வரும், தெரியுமா?”

“தெரியும் மக்கா. கையை எடு.”

“இது அஞ்சு பேருக்குள்ளதுன்னு போட்டிருக்கு. நீ ஒத்தைக்குத் தின்னப் பாக்கியா?”

நான் வாங்கிய பாக்கெட் ஐந்து பேருக்குப் போகும். அந்த ஐவரில் நானும் இருந்தால் அது என் யோகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டது என் வயிறு. அம்மா வீட்டில் பொரித்துக் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து டப்பாவை ஒரே மாலையில் காலி செய்தேன். மறுநாள் தேர்வு எழுதிய நேரத்தைவிடக் கழிவறையில் இருந்த நேரம் அதிகம். குற்றவாளி நான், தண்டனை முந்திரிக்கொத்துக்கு. “லேபிள் இல்லாத எந்தத் தின்பண்டமும் உள்ளே வரக்கூடாது” என்று வார்டன் அறிவித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாமார் கொண்டுவந்த டப்பாக்கள் அத்தனையும் வாசலோடு திரும்பிப் போயின. விடுதியே என்னை முறைத்தது.

லேபிள் மட்டும் முறைக்கவில்லை. “லேபிள்தானே வேணும்?” என்றான்.

அடுத்த ஞாயிறு மெஸ் தராசையும், கஞ்சிக்கு வைத்திருந்த சிறுபயறு மூட்டையையும் வாசலுக்கு இழுத்து வந்தான். முதலில் மாட்டியவள் என் அம்மா.

“முந்திரிக்கொத்துக்கு சிறுபயறு எவ்வளவும்மா?”

“நாலு கை.”

“யாருக்க கை?”

“எனக்க கைதான், பின்ன ஒனக்க கையா?”

“அப்போ வாரிப் போடுங்க.”

அம்மா வாரிப் போட்டாள், அவன் எடை எழுதினான். பின்னால் ஏழு அம்மாமார் வளையலை மேலே தள்ளிவிட்டு வரிசையில் நின்றார்கள். யார் கை பெரிய கை என்று போட்டியே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வார்டன் வந்தார். அம்மாவின் டப்பாவில் அவன் எழுதி ஒட்டியிருந்த நோட்டுத்தாளை வாசித்தார்: ‘சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய், அரிசிமாவு, எள், சுக்கு, ஏலக்காய். பொரித்தது தேங்காய் எண்ணெயில். ஒரு வேளைக்கு இரண்டு. எச்சரிக்கை: ஆறாம் அறைக்காரன் கையில் டப்பாவோடு கொடுக்கக் கூடாது.’

ஆறாம் அறைக்காரன் நான்தான்.

“முந்திரி எங்கடே?”

“அது பேருல மட்டும்தான் சார். கீழ பொடி எழுத்துல எழுதியிருக்கேன்.”

“எல்லாம் நீ எழுதினது. எப்படி நம்ப?”

“செஞ்சவிய இந்தா நிக்காவ சார், கேட்டுப் பாருங்க. பாக்கெட் கம்பெனிக்காரன் வந்து நிப்பானா?”

வார்டன் ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டாவதையும் தின்றார். மூன்றாவதுக்குக் கை நீண்டது. லேபிள் டப்பாவை மூடினான்.

“சார், ஒரு வேளைக்கு ரெண்டு.”

வார்டன் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், குலுங்கிச் சிரித்தார். “எல்லாத்தையும் உள்ள கொண்டு போங்கடே!”

டப்பாக்கள் திருவிழாச் சப்பரம்போலத் தலைக்குமேல் ஊர்வலம் போயின. நடுவில் லேபிளையும் தூக்கிக்கொண்டு போனோம். அவனுடைய ஒரு காலைப் பிடித்திருந்தவன் நான்.

அவனைப் பார்க்க ஞாயிறுகளில் யாரும் வந்ததில்லை. அவன் அம்மா குவைத்தில் நர்ஸ். அடுத்த முறை என் அம்மா இரண்டு டப்பா கொண்டுவந்தாள். ஒன்றில் அவளே கோணல்மாணலாக எழுதி ஒட்டியிருந்தாள்: ‘லேபிள் மக்களுக்கு. ஒரு வேளைக்கு, மனசு போல.’ என்னையும் அவள் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் அதை மூன்று முறை வாசித்தான். எவன் டப்பாவையும் விட்டுவைக்காத நான், அந்த டப்பாவை மட்டும் தொடவே இல்லை.