மாமியார் முதலையாக இருந்த ஜென்மம்

மிக்ஸி சர்வீஸ் சென்டரில் நம் கதாநாயகருக்கு ஒரே வேலைதான். "தானாவே நின்னு போச்சு சார், வாரண்டியில மாத்திக் குடுங்க" என்று வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, சொல்வது பொய்யா நிஜமா என்று தீர்ப்பளிப்பது. அவரிடம் புளுகித் தப்பியவர் கிடையாது. அந்தப் பெருமையை, தொழில் ரகசியங்களோடு சேர்த்து, கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் அளந்துகொண்டிருந்தார். அவளும் ஒன்று விடாமல் கேட்டு வைத்துக்கொண்டாள். அங்கேதான் மனுஷர் கோட்டை விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா நம்ம வீட்ல தங்க வர்றாங்க" என்றாள்.

எத்தனை நாள் என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. மாமியார் வந்தால் முன்னறை சோபா போகும். சோபா போனால் டிவி ரிமோட்டும் கூடவே போகும். ரிமோட் போன பிறகு ஒரு ஆம்பிளைக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

சாயங்காலம் சோபாவில் விறைப்பாக உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்.

"எனக்குப் போன ஜென்மம் ஞாபகம் வருது."

"வரட்டும். வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

"நான் ஒரு படகோட்டி. ஆத்துல கால் கழுவிக்கிட்டு இருக்கேன். ஒரு முதலை வந்து..." குரலைத் தழுதழுக்க வைத்தார். வெங்காயமும் கொஞ்சம் ஒத்துழைத்தது. "அந்த முதலைதான் இப்போ உங்க அம்மா. அவங்க சிரிக்கிறப்போ அந்தப் பல்லைப் பார்த்தா எனக்கு ஈரக்குலையே நடுங்குது. பாரு, இடது கெண்டைக்கால்ல தழும்பு."

"அது போன வருஷம் பக்கத்து வீட்டு நாய் கடிச்சது."

"நாய் ஏன் கரெக்டா அதே இடத்துல கடிச்சுது? யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். "சரி, விசாரிச்சுடுவோம். நீங்கதானே சொல்வீங்க, ரெண்டு பேரைத் தனித்தனியா கேட்டு, ஒரே மாதிரி சொன்னா அது நிஜம்னு."

உப்பு எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள், கொஞ்ச நேரம் கழித்து உப்பு இல்லாமல் போனோடு வந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, உனக்குப் போன ஜென்மம் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்னடி? ஒரு ஆறு. நான் தண்ணிக்குள்ள படுத்திருக்கேன். கரையில ஒரு கால் தெரியுது. இடது கால். கவ்வினேன். சவசவன்னு இருந்துச்சு, ருசியே இல்ல."

இவர் துள்ளி எழுந்தார். "பொய். அண்டப்புளுகு."

"பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா..." என்று திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அந்த முதலையைப் பெற்றெடுத்தவரே அவர்தான். அதை எந்த வாயால் சொல்வது?

"மாப்பிள்ளை," என்று போன் விம்மியது, "எவ்வளவு பெரிய பாவம் பண்ணிட்டேன். இனிமே உங்க பக்கத்துலயே இருந்து பணிவிடை பண்றேன். இந்தக் கட்டை அங்கேயே வேகட்டும்."

மனைவி போனைக் கையால் பொத்தினாள். "நிஜம்னா ஆயுசு முழுக்க. பொய்னா ஒரு மாசம். தீர்ப்பு சொல்றது உங்க தொழிலாச்சே, சொல்லுங்க."

அவர் சோபாவை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"பொய்."

"அம்மா சொன்னதா?"

"நான் சொன்னது. ஆறும் இல்ல, முதலையும் இல்ல. எனக்குப் படகுன்னாலே தலை சுத்தும். ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போகச் சொல்லு."

சொன்னதும் மனசு லேசானது. ஆயுள் தண்டனையை ஒரு மாசமாகக் குறைத்துவிட்டோமே என்று உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அவள் கையை எடுத்தாள். "அம்மா, உன் மாப்பிள்ளை நீ ஒரு மாசம் இருந்தே ஆகணும்கறார்."

"ஒரு மாசமா?" என்றது முதலை. "நான் ரெண்டு நாள்ல கிளம்பிடலாம்னுதானேடி இருந்தேன்."