ஆள் இல்லை என்றது மெஷின்

கெலிஓயாவில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் ஜவாஹிர், தலையே போனாலும் விரலைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். வெளிநாட்டில் குடியிருக்கும் மகள் ஜஹானாவுக்கு இரண்டாம் பேறு நெருங்கியிருந்தது. துணைக்கு ஆள் கேட்டிருந்தாள். அந்த நாட்டு விசாவுக்குப் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டுமாம்.

"ரேகை எடுக்கிறது கள்ளன்ட. நான் விருந்தாளி. மனித உரிமை எண்டு ஒண்டு ஈக்கி!"

"பாஸ்போட்டுக்குக் குடுத்தீங்களே?" என்றாள் மனைவி அபீபா.

"அது எங்கட நாடு, கேள்வி கேக்க ஏலும். அங்க என்ட ரேகைய எத்தன வருஷம் வெப்பான், ஆருக்குக் காட்டுவான்? பேரப் பார்த்தே ஒருக்கா என்ன எயார்போட்ல நிப்பாட்டி வெச்சவனுகள்."

அதில் நியாயம் இருந்தது. அது அபீபாவுக்கும் தெரியும். ஆனாலும் விசா நிலையத்தில் நாள் குறித்துவிட்டாள்.

உலகத்தை எதிர்க்கத் துணிந்த ஜவாஹிருக்கு மனைவியை எதிர்க்கத் துணிவில்லை. கடையின் பின்பக்கம் போய், விரல்நுனிகளைச் சீமெந்துத் தூளில் தேய்த்தார். சுண்ணாம்பிலும் தேய்த்தார். ஒரு கிழமையில் விரல்கள் கோழிமுட்டைபோல் வழவழத்தன.

கண்டி விசா நிலையத்தில் கண்ணாடித் தட்டின்மேல் கையை வைத்தார். பச்சை வெளிச்சம் விரல்களுக்கு அடியில் ஊர்ந்து போனது. திரை வெள்ளையாகவே கிடந்தது.

"கைய வையுங்க, ஐயா" என்றாள் அங்கிருந்த பெண்.

"வெச்சித்தான் ஈக்கிறேன்."

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"ஆள் இல்லன்னு காட்டுதே."

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வென்றுவிட்டோம் என்று துள்ள வேண்டிய நேரத்தில் ஜவாஹிருக்கு முதுகு சில்லிட்டது.

தானாகத் திறக்கும் கதவு கூட வந்த அபீபாவுக்குத் திறந்தது. பின்னால் போன அவர் முகத்தில் மூடிக்கொண்டது. வெளியே வாவியைப் பனி விழுங்கியிருந்தது. பஸ் கொண்டக்டர் அவரிடம் ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனான். கைபேசிகூட அவர் விரலை அறியேன் என்றது.

வீட்டில் அபீபா ஒரேயொரு பீங்கானில் சோறு போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு?"

அபீபா நிமிர்ந்தாள். அவருக்குள்ளால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்போது மகள் அழைத்தாள்.

"வாப்பா எங்க உம்மா?"

"இங்க ஆரும் இல்ல மகள். மெஷினே சொல்லிட்டு."

ஜவாஹிர் அலுமாரிக் கண்ணாடியிடம் ஓடினார். பனி ஈரத்தில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. உள்ளே வெறும் சாம்பல் நிறம். துடைக்கக் கை எழவில்லை. துடைத்தும் தெரியாவிட்டால்?

"அபீபா! நான் ஈக்கிறேன்! சத்தியமா ஈக்கிறேன்!"

அவள் மெல்லத் திரும்பினாள். "அப்ப விரலக் காட்டுங்க."

காட்டினார்.

"உடுத்த சாரன்லயும் சீமெந்து, சோத்துலயும் சீமெந்து. எனக்கு விளங்காதா?" என்றபடி தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள்.

ரேகைகள் மீண்டும் முளைக்கும்வரை நாள் தவறாமல் பூசிவிட்டாள். இரண்டாந்தரம் போனபோது, அந்தப் பெண் கேட்குமுன்பே ஜவாஹிர் பத்து விரலையும் அழுத்தினார். திரையில் பத்துக் கறுப்புப் பூக்கள் விரிந்தன.

"இப்ப இருக்கிறீங்க, ஐயா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அபீபா கைப்பையோடு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

விசா வந்தது. சூட்கேஸை அடுக்கும்போதுதான் கேட்டார்:

"உன்ட உடுப்பெல்லாம் எங்க?"

"நானா? நான் விசாவே கேக்கல்லயே."

"அப்ப பேறு பாக்கிறது ஆரு?"

"அதுக்கு சம்பந்தி போய் ஈக்கிறா. அவவோட ஒரே குசினியில சமைச்சிக்கிட்டு நான் நிக்கவா? மகள் ஆள் கேட்டது மூத்த ரெட்டைப் பொடியன்மாரை மேய்க்க. அவனுகளப் பாக்க வந்த பொம்பளயள் எல்லாரும் ஓடிட்டாங்களாம்."

அபீபா கையை நீட்டினாள்.

"கடைத் திறப்புக் கொத்தத் தந்துட்டுப் போங்க."