பன்னிரண்டு சாஸும் நான் நகர்த்திய சிவப்புக் கட்டும்

பிழையாக இருக்கிற ஒன்றைக் கண்டால் என் கை சும்மா இராது. சுவரில் படம் சரிந்திருந்தால், அது டொக்டர் வீட்டுச் சுவராக இருந்தாலும் எழும்பிப் போய் நிமிர்த்திவிட்டுத்தான் கதிரையில் இருப்பேன். என் மகள் மாலதி இதை வருத்தம், ஒரு நோய் என்கிறாள். கெட்டித்தனம் என்றுதான் எழுபத்தொரு வயது வரை நான் நினைத்திருந்தேன். எழுபத்திரண்டாவது வயதில், கடல் கடந்து மகளோடு வந்திருக்கிற மெரிலேண்ட்ஸில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த நினைப்புக்கு என்ன கதி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

(எழுத்துப் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிஞ்சுது. மிச்சமெல்லாம் காதால படிச்சதுதான்.)

காதால் என்று சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீணை ரீச்சர் வீட்டில் வேலைக்கு நின்றேன். முன் அறையில் பிள்ளைகள் வீணை படிப்பார்கள், குசினியில் நான் தேங்காய் துருவுவேன். ஆறு வருசம். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பிழை விடப் போகிறது என்று அரைத் தேங்காய் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் வீணையைத் தொட விடமாட்டார்கள். தூசி தட்டுவதென்றாலும் ரீச்சரேதான் தட்டுவா. வெக்கைக்கு மெழுகு இளகி வீணையின் மெட்டுகள், அதுதான் விரல் வைக்கிற பித்தளைக் கம்பிகள், இடம் மாறிவிடும் என்று வருசத்துக்கு ஒருக்கால் ஒருவர் வருவார். மெழுகை உருக்கி, தந்தியைத் தட்டித் தட்டிக் கேட்டு, மெட்டுகளைத் திரும்பச் சரியான இடத்தில் பதிப்பார். தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்தப் பார்வைதான் அறுபது வருசத்துக்குப் பிறகு என்னைக் கவிழ்த்தது.

மாலதியின் வீடு இரண்டாம் மாடியில். பல்கனிக்கு நேர் கீழே ஒரு சின்ன மண்டபம், அதன் வாசலில் ஜக்கரண்டா மரம். பூக்கிற காலத்தில் நிலமெல்லாம் ஊதாவாகக் கிடக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து ஒரு தந்திச் சத்தம் வந்தது. வந்தது என்று சொல்ல ஏலாது, ஏறியது. ஊதாப் பூவுக்குள்ளால், ஈரச் சேலைக்குள்ளால், என் கழுத்தடி வரை ஏறி வந்து நின்றது. என்ன பாட்டு, எந்தப் பாசை, ஒன்றும் தெரியாது. கையில் பிடித்த கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டேன். மாலதி வேலையால் வந்து, "என்னம்மா, சேலை எல்லாம் கூடைக்குள்ளயே காஞ்சு போச்சு" என்றபோதுதான் நினைவு வந்தது.

அடுத்த சனிக்கிழமை நல்ல சேலை உடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அது துருக்கி இசை வகுப்பு. நடத்துகிறவ நெர்மின், நாற்பது வயது இருக்கும். எல்லாரும் அவவை ஹோஜா என்பார்கள், ரீச்சர் என்ற மாதிரி. வாத்தியத்துக்குப் பேர் சாஸ். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்த மாதிரி வயிறு, நீளக் கழுத்து. கழுத்தைச் சுற்றித் தங்கூசி என்கிற நைலோன் நூலால் கட்டுகள் போட்டிருக்கும். கட்டில் விரலை வைத்தால் சுரம். வீணையின் மெட்டுக்கு இது தம்பி.

நெர்மின் என்னைப் பார்த்தா. ஒன்றும் கேட்காமல் ஒரு சாஸைத் தூக்கி என் மடியில் வைத்தா. ஒரு வாத்தியத்தை என் மடியில் ஒருவர் வைத்தது அதுதான் முதல் தரம். பிறகு என்ன சொன்னா என்று எனக்கு ஞாபகமில்லை. காது அடைத்துப் போயிருந்தது.

(நாங்கள் இருவரும் கதைத்த இங்கிலிசை உள்ளபடி எழுதினால் உங்களுக்கு விளங்காது. தமிழாக்கியே எழுதுறன்.)

நெர்மின் ஒரு புது முறை கண்டுபிடித்திருந்தா. துருக்கியில் அந்தக் காலத்தில் குரு வாசிப்பாராம், சீடன் கேட்டுக் கேட்டு வருசக்கணக்கில் திருப்பி வாசிப்பானாம். இங்கே வருகிறவர்களுக்குக் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம்தான். அதனால் ஒவ்வொரு கட்டுக்குப் பக்கத்திலும் ஒரு நிற ஒட்டுத்தாள். மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு. சுவரில் பெரிய தாளில் பாட்டு நிறப் பொட்டுகளாகத் தொங்கும். எழுத்தே தேவையில்லை. என்னைப் போன்றவளுக்குச் சொர்க்கம். பஸ் ஓட்டுகிற துருக்கிக்காரத் தம்பி ஒருவர், பேர் ஹாலில், இரண்டு மாதத்தில் அவரையும் முந்திவிட்டேன். (அவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.)

எல்லாம் நல்லாகத்தான் போனது, அந்தச் சிவப்பைத் தவிர.

சிவப்புச் சுரம் எனக்குச் சரிவரவில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டு யோசிக்கிற ஆள் மாதிரி நடுவில் நின்றது. நித்திரையிலும் வந்து நிற்கும். ஒருநாள் நெர்மினிடம் சொன்னேன்.

"பிள்ளை, இந்தச் சிவப்பு கொஞ்சம் கீழ இறங்கி நிக்குது."

"அது அப்பிடித்தான் அன்ரி. அதின்ர அழகே அதுதான்."

பாவம், சரிபண்ண ஆள் கிடைக்கவில்லை போல, அதை அழகு என்று சமாளிக்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம்தான் ருஸ்தெம் பே வருகிறார் என்ற கதை வந்தது. பே என்றால் ஐயா. துருக்கி ஆட்களின் சங்கத்தில் இசை வகுப்புகளுக்கு அவர்தான் பெரியவர். ஒட்டுத்தாள் முறை அவருக்குப் பிடிக்காதாம். ஒரு சனிக்கிழமை வந்து கேட்பார், பிடித்தால் சங்கத்தின் எல்லா வகுப்புகளிலும் நெர்மினின் முறை. பிடிக்காவிட்டால் இந்த வகுப்பும் பூட்டு. நெர்மின் மூன்று கிழமையாகச் சிரிக்கவில்லை. வகுப்புப் பூட்டினால் என் மடி திரும்ப வெறும் மடி. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெயில் நாற்பதைத் தாண்டியது. வீடு கிட்ட என்பதால் மண்டபக் கதவின் திறப்பு என்னிடம் இருக்கும், நான்தான் பூட்டைத் திறந்து விடுவேன். நெர்மின் ருஸ்தெம் பேயைக் கூட்டி வரப் போயிருந்தா. நான் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போய்க் கதிரைகளை அடுக்கி, அலுமாரியிலிருந்த பன்னிரண்டு சாஸையும் எடுத்து ஒவ்வொரு கதிரையிலும் சாய்த்து வைத்தேன். நெர்மினின் சாஸ் மட்டும் அவவோடுதான் போய் வரும்.

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. யன்னலால் வெயில் விழுந்தது. பன்னிரண்டு வாத்தியமும் ஆட்கள் மாதிரி இருந்து என்னைப் பார்த்தன. என்னுடையதை எடுத்துச் சிவப்பைத் தட்டினேன். கீழே நின்றது. பக்கத்துச் சாஸைத் தட்டினேன். அதுவும் கீழே. வெக்கை! மெழுகு இளகுமென்றால் தங்கூசி இளகாதோ? இதையெல்லாம் அந்தப் பெரிய மனிசர் கேட்டால் நெர்மினின் கதி என்ன?

பெருவிரலைக் கொடுத்து மெல்லத் தள்ளினேன். கட்டு நகர்ந்தது. தட்டிக் கேட்டேன். இன்னும் கொஞ்சம். திரும்பத் தட்டினேன். வந்து சரியாக உட்கார்ந்தது! அந்த மெழுகுக்காரர் தலையாட்டுகிற மாதிரி நானும் தலையாட்டினேன். பிறகு ஒவ்வொரு கதிரையாகப் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஒட்டுத்தாளையும் கவனமாக உரித்துப் புது இடத்தில் ஒட்டினேன். வேலை என்றால் முழுதாகச் செய்யவேண்டும். முடிந்ததும் என் கதிரையில் சாஸைக் கட்டிப் பிடித்தபடி நித்திரையாகிவிட்டேன். கனவில் பன்னிரண்டு சாஸும் எனக்கு நன்றி சொல்லின.

கண் விழித்தபோது எல்லாரும் வந்திருந்தார்கள். முன் வரிசையில் வெள்ளை மீசையோடு ருஸ்தெம் பே, கையில் சின்னத் தேத்தண்ணிக் கிளாஸ். நெர்மின் தன் சாஸை எடுத்து, கண்ணால் எண்ணிக்கை காட்டினா.

தொடங்கினோம். மஞ்சள், பச்சை, பச்சை, நீலம். ருஸ்தெம் பேயின் கால் மெல்ல ஆடியது. பிறகு சிவப்பு.

எப்படிச் சொல்வேன்? ஒரு ஊர்வலத்தில் பன்னிரண்டு பேர் வலப்பக்கம் திரும்ப, முன்னால் கொடி பிடித்தவ இடப்பக்கம் திரும்பின மாதிரி. நெர்மினின் சாஸ் ஒரு சுரம், எங்கள் பன்னிரண்டும் இன்னொரு சுரம். இரண்டும் ஒன்றோடொன்று மோதிப் பல்லுக் கூசியது. நாங்கள் விடவில்லை. சுவரில் சிவப்பு, கட்டில் சிவப்பு, அடி என்று அடித்தோம். ருஸ்தெம் பேயின் கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் அந்தரத்தில் நின்றது.

நெர்மின் கையை உயர்த்தி நிறுத்தினா. ஹாலில் தம்பியின் சாஸை வாங்கிப் பார்த்தா. பிறகு பக்கத்தில் இருந்தவருடையதையும் பார்த்தா.

"ஆர் இதைத் தொட்டது?"

நான் எழும்பினேன். (ஓம், எழும்பினனான். சேலையை வேற இழுத்துச் சரிபண்ணினனான்.)

"நான்தான் பிள்ளை. வெக்கைக்கு எல்லாம் இறங்கிப் போச்சுது. பன்னிரண்டையும் சரிப்படுத்தி விட்டனான். உன்ர ஒண்டுதான் மிச்சம், தா, அதையும் செய்து விடுறன்."

வெளியே ஒரு மக்பைக் குருவி பாடிக்கொண்டிருந்தது. நெர்மின் தன் சாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய் ஜக்கரண்டா மரத்தடியில் நின்றா. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஹாலில் தம்பிதான் காதுக்குள் சொன்னார்: "அன்ரி, அந்தச் சுரம் அங்கதான் நிக்க வேணும். எங்கட இசையின்ர உயிரே அந்த இடம்தான்."

நிலம் பிளக்கவில்லை. மெரிலேண்ட்ஸில் நிலம் கொங்கிறீட்.

ருஸ்தெம் பே கிளாஸைக் கீழே வைத்தார். எழும்பிப் போய் மரத்தடியில் நெர்மினிடம் பேசினார். யன்னல் திறந்திருந்தது. ஹாலில் தம்பி ஒவ்வொரு சொல்லாக எனக்கு மொழிபெயர்த்தார். எனக்குக் கேட்க விருப்பமில்லை, ஆனால் கேட்டேன்.

"பார்த்தியோ மகள்? பன்னிரண்டு பேர் பிழையான சுரத்தைச் சந்தோசமா வாசிச்சினம். ஒருத்தருக்கும் காது உறுத்தேல்ல. நிறம் சரியா இருந்துது, அது போதும் அவைக்கு. இதுக்குத்தான் நான் பயந்தனான்."

நெர்மின் தலை குனிந்து நின்றா.

"ஆனா ஒண்டு. இந்த வகுப்பில ஒரே ஒரு ஆள்தான் காதால கேட்டிருக்கிறா. பிழையாத்தான் கேட்டவ. எண்டாலும் கேட்டவ."

நெர்மின் திரும்பி யன்னலால் என்னைப் பார்த்தா. நான் கதிரைக்குப் பின்னால் ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவவுக்கு முதலில் கண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு. மூன்று கிழமைச் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எனக்குத் தண்டனை கிடைத்தது. பன்னிரண்டு சிவப்புக் கட்டையும் நானே திரும்பப் பழைய இடத்தில் வைக்கவேண்டும், ருஸ்தெம் பே பக்கத்தில் இருப்பார். மூன்று சனிக்கிழமை எடுத்தது. அவர் காட்டித் தரமாட்டார். "தேடு" என்பார், அவ்வளவுதான். நான் தள்ளுவேன், தட்டுவேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவார். இரண்டாம் சனிக்கிழமை எனக்கு அலுத்துவிட்டது.

"என்ர காதில அது இல்லை, ஐயா."

"உங்கட பாட்டு ஒண்டு பாடுங்கோ."

மாலதியைத் தொட்டிலில் ஆட்டின தாலாட்டைப் பாடினேன். அவர் தன் சாஸை எடுத்து என் பின்னாலேயே வந்தார். ஒரு இடத்தில், தூக்கத்துக்குச் சரிகிற அந்த இடத்தில், என்னை நிறுத்தினார். "இன்னொருக்கால்." பாடினேன். அவர் சிவப்பைத் தட்டினார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, படிக்கட்டில் யோசிக்கிற அதே ஆள். ஐம்பது வருசமாக என் தொண்டைக்குள்ளேயே குடியிருந்திருக்கிறார். நான் போய் அவரைப் பன்னிரண்டு வாத்தியத்திலிருந்தும் துரத்தியிருக்கிறேன்.

பிறகு தேடத் தேவையிருக்கவில்லை. மிச்சத்தைப் பாடிப் பாடி வைத்தேன்.

நெர்மின் முறையை மாற்றினா. ஒட்டுத்தாள் இருக்கிறது. ஆனால் புதிதாக வருகிற ஆளுக்குச் சிவப்பு ஒட்டித் தருவதில்லை. கட்டை வேண்டுமென்றே நகர்த்தி வைத்துக் கையில் கொடுப்பா. காதால் தேடிப் பிடித்த பிறகுதான் சிவப்புத் தாள். ருஸ்தெம் பே ஒத்துக்கொண்டார். இப்போது சங்கத்தின் எல்லா வகுப்பிலும் அதுதான் முதல் பாடம். புதன்கிழமையும் ஒரு வகுப்புத் தொடங்கியிருக்கிறது. நான் அன்று கட்டைப் பிழையாக நகர்த்தி வைத்த இடத்தில் ஒவ்வொரு சாஸிலும் பென்சிலால் ஒரு கோடு. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பேர் "அன்ரி".

வீட்டிலோ, புது ரீவி வந்தாலும் கதவுப் பிடி ஆடினாலும், "அம்மாவின்ர கண்ணில காட்டாதேங்கோ, சரிப்படுத்திப் போடுவா" என்பதுதான் மாலதியின் முதல் பேச்சு.

புதன்கிழமை மத்தியானங்களில் பல்கனியில் கதிரையைப் போட்டுக் கண்ணயர்ந்திருப்பேன். கீழே புது ஆட்கள் தடவித் தடவித் தேடுகிற சத்தம் ஊதாப் பூவுக்குள்ளால் மெல்ல ஏறி வரும். நெர்மினின் குரல் கேட்கும்:

"அன்ரியில நிக்கிறீங்கள்! அன்ரியை விட்டுக் கொஞ்சம் கீழ இறங்குங்கோ!"

உடனே குசினிக்குள்ளிருந்து மாலதி கத்துவாள்: "அம்மா, உங்களைத்தான் கூப்பிடீனம்!"

அரைத் தூக்கத்தில் நானும் ஒவ்வொரு முறையும் செருப்பைத் தேடுகிறேன்.