இரண்டு சீட் காரும் ஆயரின் அங்கியும்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மச்சான் ஜெஃப்ரிக்கு, உன் அக்கா புருஷன் சாந்தகுமார் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகமாக இருக்கிறேன். ‘நாங்கள்’ என்று எழுத முடியாத காரணம் உனக்கே தெரியும். எங்களில் ஒரு ஆள் பள்ளிகொண்டாவில், உன் வீட்டு அடுப்படியில், உன் பெண்டாட்டி இவாஞ்சலின் வைக்கிற குழம்பில் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். நீங்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு இங்கே மூன்று வேளையும் கடைப் பிரியாணி. ஆம்பூரிலேயே இருந்துகொண்டு பிரியாணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதனைப் பார்க்க ஆசையிருந்தால் உடனே புறப்பட்டு வா.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு “சொல்லுங்க மாமா” என்பாய், வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஜெபக்கூட்டம் மாதிரி சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதனால்தான் நாளைக் காலை உன் ஊர் வழியாக வேலூர் போகிற எங்கள் சரக்கு வண்டி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படி.

விஷயம் அந்தக் கார்தான். தோல் பதனிடுகிற ஒரு பழைய டேனரி முதலாளி வீட்டில் ஷெட்டைக் காலி செய்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார், நீண்ட மூக்கு, இரண்டே சீட், மேலே இரும்புக் கூரைகூடக் கிடையாது, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. காயலான் கடைக்காரன் எடைக்குப் பேசிக்கொண்டிருந்தான், நான் குறுக்கே புகுந்து வாங்கிவிட்டேன். அடுத்தவன் வேண்டாமென்று தள்ளிய தோலில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வீடு கட்டியவன் நான், அந்தக் கண்ணுக்குத் தோலும் காரும் ஒன்றுதான். ரிப்பேருக்கு ஷேர் ஆட்டோ மெக்கானிக் ரஷீத் அஹமதைக் கூப்பிட்டேன். “இந்த மாதிரி வண்டி பாத்திருக்கியா பாய்?” என்று கேட்டதற்கு, “நான் அதப் பாத்ததில்ல சார், அதுவும் என்னப் பாத்ததில்ல. ரெண்டு பேரும் புதுசு, பழகிக்கலாம்” என்றான். நல்ல மனுஷன், கூலியும் கம்மி, அதனால் நம்பிவிட்டேன்.

ஒரிஜினல் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஒருத்தன் சொன்ன விலைக்கு வேலூர் சத்துவாச்சாரியில் மனையே வாங்கிவிடலாம். ஆகவே கார்புரேட்டர் ஒரு செத்துப்போன வேனிலிருந்து வந்தது, விளக்கு டிராக்டரிலிருந்து வந்தது, ஹாரன் லாரியிலிருந்து வந்தது. முதல் முறை ஹாரனை அமுக்கியபோது எதிர்வீட்டு சுந்தரமூர்த்தி, லாரிதான் வருகிறதென்று ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் உயரத்திலேயே தேடினார், அப்புறம்தான் குனிந்து என்னைப் பார்த்தார். அடித்தளத்தில் துரு தின்ற ஓட்டைகள். வெல்டிங்காரன் கேட்ட கூலி எனக்குப் பிடிக்கவில்லை, ஷூவுக்கு அடியில் போடுகிற சோல் தோலை மூன்று அடுக்காக ஒட்டி நானே மூடினேன். நல்ல வேலைதான், ஆனால் மழை பெய்தால் வண்டி முழுக்க ஊறின தோல் நாற்றம். இஞ்சின் எடுக்கிறது, ஆனால் சாவியால் எடுக்காது, நாலு பேர் தள்ளினால்தான் எடுக்கும். இவ்வளவையும் உன் அக்கா பொறுத்துக்கொண்டாள். “வேல முடிஞ்சா சொல்லுங்க, வந்து பாக்கறேன்” என்று மட்டும் சொல்வாள்.

சீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். குடோனில் செர்ரி சிவப்பில் ஒரு லாட் தோல் கிடந்தது, பளபளவென்று கண்ணைப் பறிக்கும். எக்ஸ்போர்ட்காரன் ஏன் தள்ளினான் என்றால், வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கிற டெஸ்டில் சாயம் துணியில் ஒட்டிவிட்டது. அதை யாருக்கு விற்றாலும் “பாத்துப்பா, வேர்வை பட்டா கலர் விடும்” என்று சொல்லித்தான் விற்பேன், அந்த நேர்மை இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. எனக்கு நானே எடுத்துக்கொண்டபோது சொல்ல ஆளில்லை. இரண்டு சீட்டையும் அந்தத் தோலாலேயே ஜோராகத் தைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டிக்கு ஜெபம் பண்ண நம் ஆயரைக் கூப்பிட்டிருந்தோம். அடுத்து ஒரு ஞானஸ்நானம் இருந்ததால் வெள்ளை அங்கியோடே வந்தார். உன் அக்கா பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் இல்லையா, ஐக்கியம் மொத்தமும் வந்து நின்றது, அவள் கையால் எல்லோருக்கும் கேசரி. வெளியே நின்று ஜெபிக்க இருந்த மனிதரை “உள்ள உக்காந்து ஜெபிங்க ஐயா, ஆசீர்வாதம் ஜாஸ்தியா இருக்கும்” என்று நான்தான் உட்கார வைத்தேன். உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே போனார், கடைசியில் தலை மட்டும் தெரிந்தது. கொளுத்துகிற வெயில், நீண்ட ஜெபம். “இந்த வாகனத்தில் சேர்ந்து பிரயாணம் செய்யப்போகிற உமது அடியானையும் அடியாளையும்” என்று அவர் உருகிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற என் தோஸ்த் வக்கார் அகமது “நல்லாருக்குதே, எனக்குக் குடுத்துடறியா?” என்று காதைக் கடித்தான். நான் கண்ணைத் திறக்காமலே “நல்ல வெல வந்தா பாக்கலாம்” என்றேன். ஜெபத்துக்கு நடுவிலும் தொழிலை விடாதவன் உன் மாமா, இதை வாத்தியார் நீ பள்ளிக்கூடத்தில் பாடமாகவே நடத்தலாம்.

ஆமென் சொன்னதும் ஆயரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் ரஷீத்தும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து பெண்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எங்கள் பக்கம் தெரிந்த முதுகும் அதற்குக் கீழேயும் ஒரே செர்ரி சிவப்பு. அவர் திரும்பியதும் ஐக்கியத்துப் பெண்களும் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் அம்மா “ஐயோ, பஞ்சு எடுத்துட்டு வாங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவரைக் குப்புறப் படுக்கவைக்கப் பார்த்தார். நிலைமையைச் சமாளிக்க நான், “பயப்படாதீங்க ஐயா, அங்கியக் கழட்டிக் குடுங்க, சாயம் போடற டிரம்ல போட்டு முழுசா ஒரே கலராக்கித் தர்றேன்” என்றேன். ஆயர் சிரித்துவிட்டார். உன் அக்கா சிரிக்கவில்லை. கேசரிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, உன் ஊர் பஸ் ஏறிவிட்டாள்.

புது அங்கி தைத்துக் கொடுத்துவிட்டேன். ஆயர் மன்னித்தாயிற்று, ஐக்கியமும் மன்னித்தாயிற்று, என் பெண்டாட்டி மட்டும் போனை எடுப்பதில்லை. ஆகவே வண்டியே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டேன். நாளை மதியம் வக்கார் வந்து இழுத்துக்கொண்டு போகிறான். இதை உன் அக்கா ஜெபகனியிடம் பக்குவமாகச் சொல்லி, அவளை பஸ் ஏற்றி அனுப்பி வைப்பது உன் பொறுப்பு.

இன்னொன்று. இது உன்னோடு இருக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் வைத்திருந்த எந்த வண்டியிலும் அவள் சரக்கு இல்லாமல் உட்கார்ந்ததில்லை மச்சான். ஸ்கூட்டரில் எங்களுக்கு நடுவே தோல் கட்டு, வேனில் அவள் மடியிலேயே தோல் கட்டு. சர்ச்சுக்குப் போனாலும் அந்த வாசனையோடுதான் போவாள், ஒரு நாள் மூக்கைப் பிடித்ததில்லை. இந்தக் காரில் சரக்கு வைக்க இடமே கிடையாது. ஷெட்டில் முதலில் நான் பார்த்தது அதைத்தான். பெண்டாட்டிக்காக வாங்கினேன் என்று வக்கார் மாதிரி ஆள்களிடம் சொல்ல வெட்கமாக இருக்காதா? அவளிடம் சொல்ல அதைவிட வெட்கம்.

இவாஞ்சலினுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பும் ஆசீர்வாதமும். கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக, என் வீட்டுக்காரியைச் சீக்கிரம் அனுப்பி வைப்பாராக.

அன்புடன்,
சாந்தகுமார்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது போன் வந்தது, உன் அக்காதான். வண்டியை விற்பதை மகள் ஃபீபியிடம் சொல்லியிருந்தேன், அவள் தன் அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நான் பெற்றது அப்படி.

“இன்னாங்க, வண்டிய விக்கிறீங்களாமே? யாரக் கேட்டு?”

“நீதானே கோச்சிக்கிட்டுப் போன?”

“அங்கிக்காகவா போனேன்? நம்ம ரெண்டு பேருக்கும்னு ஐயா ஜெபம் பண்றாரு, நீங்க அந்தப் பக்கம் வெல பேசறீங்க. பின்னாடி நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன்.”

அப்புறம், உன்னோடு இருக்கட்டும் என்று எழுதினேனே, அதை நானே அவளிடம் உளறிவிட்டேன். “நாளைக்கு அந்த வண்டியிலயே வாங்க, நான் அரக்குப் பொடவை கட்டிக்கிறேன்” என்றாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதிய எதுவும் செல்லாது. வக்காரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன், திட்டினான், வாங்கிக்கொண்டேன். சரக்கு வண்டிக்குப் பின்னாலேயே நானும் வருகிறேன், உன் வாசலில் நின்றால் இஞ்சின் அணைந்துவிடும், தள்ளுவதற்கு நாலு ஆள் பிடித்து வை. எங்களுக்குச் சாப்பாடு போட்டு நிறுத்தி வைக்காதே. “சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்” என்று நான் சொன்னதற்கு அவள், “அதுக்குள்ள வீட்டுக்கு எதுக்கு?” என்று கேட்டாள்.