இன்றைக்குக் கொக்கின் பாடு

எழுதப் படிக்கத் தெரியாதவன் கையில் படம் போட்ட புத்தகத்தைக் கொடுக்கவே கூடாது. வெறும் எழுத்தாக இருந்தால் பயந்து கீழே வைத்துவிடுவான். படம் இருந்தால் தைரியம் வந்துவிடும். தைரியம் வந்தால் வாய் திறக்கும். என் வாய் ஒரு நாள் திறந்ததில் என்ன ஆனது என்று பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரம் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் காரம் தூக்கலாக இருக்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். (நான் பேசப் பேச என் பேத்தி எழுதுகிறாள். என்னுடைய "இன்னா"வை எல்லாம் "என்ன" ஆக்கிவிடுகிறாள். போவுது, படிச்ச புள்ள.)

எழுத்தின் மேல் எனக்கு இருந்த பயத்துக்குக் காரணம் டச்சுக்காரன். சிரிக்காதீர்கள். நான் பொடியனாக இருந்தபோது எங்கள் தீவில் எழுத்து என்று எதுவும் கண்ணில் படாது. நைனா மீன் விற்கப் பழவேற்காட்டுக்குப் போகும்போது நானும் படகில் தொற்றிக்கொள்வேன். அங்கே டச்சுக்காரன் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கும். உள்ளே போனால் கல்லுக்குக் கல் எழுத்து. நான் பிறந்து முதலில் பார்த்த எழுத்து அதுதான். எழுத்து இருக்கிற இடத்தில் செத்தவன் இருப்பான் என்று மனதில் விழுந்துவிட்டது. பிறகு ஒரு நாள் நைனா என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார். வாத்தியார் பலகையில் எழுத ஆரம்பித்தார். நான் ஓட ஆரம்பித்தேன். படகில் ஏறித்தான் நின்றேன். அதோடு என் படிப்பு முடிந்தது.

இப்பேர்ப்பட்ட எனக்கு எட்டாவது படித்த கோமளாவைக் கட்டிவைத்தார்கள். அனுப்பம்பட்டுப் பெண். ரயிலைப் பார்த்து வளர்ந்தவள். தீவுக்கு வந்த புதிதில் தண்ணீரைப் பார்த்து அவள் பயந்தாள், அவளைப் பார்த்து நான் பயந்தேன். அப்புறம் தீவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பால்வாடி வந்தது. ஓலைக் கொட்டகை, சுற்றிலும் படல் வேலி. படித்தவள் என்று இருந்தது இவள் ஒருத்திதான். ஆகவே இவளே டீச்சர்.

டீச்சர் என்றாலும் தற்காலிகம்தான். அதிகாரி அம்மா ஒருவர் நேரில் வந்து, பிள்ளைகளுக்கு எழுத்து படிக்க வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் பால்வாடியை மூடிவிடுவார்கள், பிள்ளைகள் அக்கரைக்குப் போய்ப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். மழைக்காலத்து ஏரியில் நாலு வயதுப் பிள்ளையை எந்தத் தாய் படகேற்றி அனுப்புவாள்? கோமளா அந்த ஒரு நாளுக்காகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தாள்.

அவளிடம் ஒரே ஒரு படப் புத்தகம் இருந்தது. இரண்டு பறவைகள் சிநேகமான கதை. ஒன்று கொக்கு, இன்னொன்று நீர்க்காக்கை. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல். கோமளா சொல்லை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முதலில் படத்தைக் காட்டுவாள். பிள்ளைகள் பேர் சொன்னதும் கையை எடுத்து, விரலை வைத்து எழுத்தைப் படிக்கவைப்பாள். முதல் நாள் மீன் படத்தைக் காட்டினபோது ஒருவன் "மடவை" என்றான், ஒருத்தி "கொடுவா" என்றாள், இரண்டு பேருக்கும் அடிதடி ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு மீன் என்று ஒரு மீன் இருப்பதே தெரியாது. (எனக்கும்தான்.) அதைச் சமாளித்து அவள் "மீன்" என்று படிக்கவைக்க ஒரு வாரம் ஆனது.

இங்கே எங்கள் ஏரி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் எவனும் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. நல்ல இடங்களுக்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருடையது என்று முறை வைப்போம். அந்த முறைக்குப் பேர் பாடு. ஒருவனுடைய பாடு அன்றைக்கு இன்னொருவன் போய் வலை கட்டினால், அது வீடு புகுந்து திருடினதற்குச் சமம். இந்தச் சட்டம் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வருவது.

அதிகாரி அம்மா வரும் நாள் வந்தது. ஆண்கள் எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்க வேண்டும் என்று கோமளா உத்தரவு போட்டிருந்தாள். ஊரில் சட்டைப் பஞ்சம். எல்லப்பன் அண்ணனிடம் இரண்டு சட்டை இருந்ததால், ஒன்றை ஏகாம்பரத்துக்கு இரவல் கொடுத்திருந்தார். எனக்கு முதல் நாள் காலில் கெளுத்தி முள் குத்தி, பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. படகு தள்ள முடியாது. அதனால் அதிகாரி அம்மாவை அழைத்துவர கோமளா என் தம்பியோடு போனாள்.

போகும்போது சொன்னாள்:

"இன்னாங்க, புள்ளைங்கள ஒக்கார வச்சிருந்தா போதும். கதை கிதைன்னு ஒண்ணியும் ஆரம்பிக்காதீங்க."

"எனுக்கு இன்னா கதை தெரியும்?"

"அதான் பயமா கீது."

ஏரியில் அன்றைக்குத் தண்ணீர் இறக்கம். படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. இங்கே பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். ஒருவன் அழுதான், ஒருவன் வேலியை நோக்கித் தவழ்ந்தான்.

"மாமா, கதை சொல்லு மாமா."

"டீச்சரு வந்து சொல்லும்."

முன் வரிசையில் ஏகாம்பரத்தின் மகள் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமாக்குப் படிக்கத் தெரியாதுடா."

வேலிக்கு வெளியே சட்டை போட்ட கூட்டம் சிரித்தது. டீச்சர் வீட்டுக்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? "யாருடீ சொன்னது?" என்று புத்தகத்தை எடுத்தேன். எழுத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தேன்.

முதல் படத்தில் ஒரு கொக்கு தண்ணீரில் தனியாக நின்றது.

"இது கொக்கு. இன்னிக்கு இதோட பாடு. அதான் காலையிலயே வந்து நிக்கிது."

பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். அடுத்த படத்தில் நீர்க்காக்கை பக்கத்தில் வந்து இறங்கியது.

"இது இன்னாத்துக்கு இங்க வருது? இன்னிக்கு யார் பாடு?"

"கொக்கு பாடு!" என்று கொட்டகை அதிர்ந்தது.

அடுத்ததில் நீர்க்காக்கையின் வாயில் மீன். கொக்கு அலகைத் திறந்துகொண்டு அதைப் பார்க்கிறது. (கொக்கு அங்கே "வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்கிறதாம். கோமளா பிறகு சொன்னாள். எனக்கு எப்படித் தெரியும்?)

"பாரு, கொக்கு கத்துது. 'எவன்டா அவன், என் பாடு அன்னிக்கி வந்து மீன் புடிக்கிறவன்?' "

அதற்கடுத்த படத்தில் இரண்டும் ஒரே மீனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தன. கொக்கு மீனைப் பறிமுதல் செய்கிறது என்றேன். கடைசிப் படத்தில் மழை. கொக்கு சிறகை விரித்து நீர்க்காக்கையின் மேல் வைத்திருந்தது.

"ரெக்கையாலயே போட்டு அடிக்கிது பாரு. நல்லா வேணும். பாடு தப்பி வந்தா இதான்."

"நீர்க்காக்கா திருடன்! நீர்க்காக்கா திருடன்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெளியிலிருந்து எல்லப்பன் அண்ணன், "ஞாயமா சொன்னடா தம்பி!" என்றார். நான் டீச்சர் வேலை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தேசம்மா மட்டும் குதிக்கவில்லை. உதடு பிதுங்கியது.

"எங்க நைனா ஒண்ணியும் திருடன் இல்ல."

"ஒங்க நைனாவ யாரு சொன்னா கண்ணு? நான் நீர்க்காக்காவ சொன்னேன்."

"நைனாவும் எல்லப்பன் மாமா பாடு அன்னிக்கி வலை கட்டுச்சே. யாராண்டயும் சொல்லாதன்னு எனுக்கு முறுக்கு வாங்கிக் குடுத்துச்சே."

வேலிக்கு வெளியே இருந்த சட்டைகள் எல்லாம் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பின.

"டேய் ஏகாம்பரம்," என்றார் எல்லப்பன் அண்ணன், மெதுவாக.

"அண்ணே, கொழந்த எதுவோ ஒளறுதுண்ணே."

"வலையில எறாவே வுழலியேன்னு நான் சாமிக்கு வேண்டிக்கினு கீறேன். நீ முறுக்கு வாங்கிக் குடுத்தியா?"

சட்டையைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் அது அவருடைய சட்டை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "கழட்டுடா! மொதல்ல என் சட்டையக் கழட்டு!" அவன் கழற்றப் பார்க்க, இவர் இழுக்க, தலை சட்டைக்குள் மாட்டிக்கொள்ள, விலக்கப் போனவர்களும் விழ, படல் வேலி சரிந்து எல்லாரும் சேற்றில் புரண்டார்கள். ஓடலாம் என்றால் என் காலில் கெளுத்தி முள்.

அப்போதுதான் அதிகாரி அம்மா வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு, ஒரு கையில் செருப்பு. பின்னால் கோமளா. அவள் சேற்றில் கிடந்தவர்களைப் பார்க்கவில்லை. நேராக என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்து எலும்புக்கூடு கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"யார் பாடம் எடுத்தது?" என்றார் அதிகாரி அம்மா.

எல்லாப் பிள்ளைகளும் என்னைக் கைகாட்டினார்கள்.

"இவர் யாரு?"

"என் வூட்டுக்காரருங்க," என்றாள் கோமளா. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அதிகாரி அம்மா கடைசிப் பக்கத்தை என் முன்னால் பிடித்து, கீழே இருந்த சொல்லில் விரலை வைத்தார். "இதப் படிங்க."

எழுத்து என்னைப் பார்த்தது. நான் படத்தைப் பார்த்தேன்.

"அடிதடிங்க," என்றேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேற்றில் கட்டிப்பிடித்துக் கிடந்த இரண்டு பேரும் பிடியை விடாமலே சிரித்தார்கள். தேசம்மா எழுந்து வந்து, கண்ணீரைத் துடைத்த விரலை அந்த எழுத்துகள் மேல் வைத்து நகர்த்தினாள்.

"அடிதடி இல்ல மாமா. ந... ட்... பு. நட்பு."

அதிகாரி அம்மா அவளையே மற்றப் பக்கங்களையும் படிக்கச் சொன்னார். கொக்கு, மீன், மழை, எதுவும் தட்டவில்லை. படத்தைக் கையால் மறைத்துக் கேட்டார். அப்போதும் படித்தாள். மற்றப் பிள்ளைகளும் படித்தார்கள். கோமளா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"நட்புன்னா என்ன, சொல்லு?"

தேசம்மா சேற்றில் கிடந்த அப்பனைப் பார்த்தாள்.

"எல்லப்பன் மாமாவே எங்க நைனாவக் கூப்ட்டு, இன்னிக்கு என் பாடு, நீயும் வந்து வலை கட்டிக்கன்னு சொன்னா அது நட்பு. கேக்காம கட்டுனா..." என்று என்னைக் காட்டினாள். "அது இந்த மாமா சொன்னது."

எல்லப்பன் அண்ணன் சட்டையை விட்டுவிட்டார்.

பாடு என்றால் என்ன என்று கோமளா அதிகாரி அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள். அந்த அம்மா இளநீர் குடித்தார். கிளம்பும்போது, "புள்ளைங்க நல்லா படிக்குது. வேலைக்கு எழுதிடறேன்," என்றார். கோமளா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். "ஆனா ஒண்ணு," என்று என் பக்கம் திரும்பினார்.

"இனிமே உள்ளயே வரமாட்டாருங்க," என்றாள் கோமளா அவசரமாக.

"வேணாம். புள்ளைங்களோட இவரையும் உக்கார வை."

உட்காரவைத்தாள். கால் வீக்கம் வற்றும்வரை தேசம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் புத்தகத்தில் இருந்த சொற்களோடு வண்டி நின்றுவிட்டது. இன்றைக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் பேரப்பிள்ளைகள் முதலில் என்னிடம்தான் நீட்டுவார்கள். "தாத்தா, கொக்கு எங்கன்னா கீதா பாரு." ஒருமுறை பட்டணத்தில், பலகையில் கடைசி எழுத்து "ஏரி"யில் வருகிற "ரி" ஆயிற்றே என்று பொன்னேரி பஸ் என நினைத்து ஏறி, வேளச்சேரியில் போய் இறங்கினேன். அது தனிக் கதை.

அன்று சாயங்காலமே ஊர் கூடி, ஏகாம்பரத்தின் அடுத்த பாட்டை எல்லப்பன் அண்ணனுக்குக் கொடுத்தது. அந்த நாள் வந்ததும் அவரும் போய் வலை கட்டினார். விடிந்து நாங்கள் பார்த்தபோது வலையின் மறு முனையை ஏகாம்பரம் இழுத்துக்கொண்டிருந்தான். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று இரண்டு பேரும் சொன்னதே இல்லை.

ஆனால் என் சொல் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. எங்கள் தீவில் சிநேகிதனுக்குப் பேர் அடிதடி. பேரன் யாரையாவது வீட்டுக்குக் கூட்டிவந்தால் கோமளா சிரிக்காமல் கேட்பாள், "யாருடா இவன், ஒன் அடிதடியா?" போன மழைக்காலத்தில் எல்லப்பன் அண்ணன் போய்ச் சேர்ந்தார். ஏகாம்பரம் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்: "என் அடிதடி பூட்டான்டா! இனிமே எனுக்கு யாருடா அடிதடி?"

எளாவூரிலிருந்து வந்திருந்த அண்ணனின் சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வம்பு எதற்கென்று நாலடி தள்ளி நின்றார்கள். தேசம்மா அழுதுகொண்டே அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது, எனக்குத் தெரியும், என்னைத்தான் கைகாட்டினாள்.