பகல் கரண்டை நம்பாத ஆறு மணி

"...அதுவும் பகல் பதினோரு மணிக்கு எவனாச்சும் கரண்டு விடுவானா, துவான்?"

ஈப்போவில் வயர்மேன் லைசென்ஸ் பரீட்சை நடந்த கூடத்தில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஷாக் அடித்து உதறிய வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அதிகாரியைப் பார்த்து இப்படிக் கேட்டவர்தான் ஆறு மணி. கேட்டது மலாயில், துவான் என்றால் ஐயா. தோட்டத்து மலாய் என்பதால் கோபம் பாதிதான் போய்ச் சேர்ந்தது. பகலிலும் மின்சாரம் உண்டு என்பதை நம்பாத மின்சாரத் தொழிலாளி பேராக் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தாப்பாவுக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கரண்டு என்ஜின் ஓடும், பத்துக்கு நின்றுவிடும். ஓட்டியவர் அவர். பெயரும் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாளக் கார்டுக்கு மட்டுமே தெரியும். தொழிலாளர் லயத்து வீடுகளின் வயர் வேலையெல்லாம் பகலில் செய்வார். பகலில் வயரும் துணி காயப்போடும் கொடியும் அவருக்கு ஒன்று. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு வேலையைத் தொடு என்று யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் நாங்கள் குனோங் ராபாட்டில் ஒரே வரிசை வீடுகளுக்குக் குடிவந்தோம். தவுக்கே என்று நாங்கள் அழைத்த ஒரு சீன முதலாளியிடம் இருவருக்கும் வேலை. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு வயர் இழுப்பது. அந்த வீடுகளிலும் கரண்டு இருக்காது, ஆகவே நான் அண்ணன் என்று கூப்பிடும் ஆறு மணியின் நம்பிக்கைக்கு அங்கேயும் பங்கம் வரவில்லை. பங்கம் வந்தது பரீட்சையில். ஒரு பலகையில் விளக்கும் சுவிட்சும் மாட்டி, வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மெயினை அடைக்காமல் கை வைத்தால் அந்த இடத்திலேயே பெயில். பக்கத்துப் பலகையில் நின்ற நானும் அன்று பெயில்தான், நேரம் போதவில்லை.

தவுக்கே கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு அவருடைய வயர் சாமான் கடையிலும் வேலை இருந்தது, அதனால் பாதகமில்லை. அண்ணனுக்கு மட்டும் அடுத்த பரீட்சைதான் கடைசி. லைசென்ஸ் இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விதிப்புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன். ஒருவனுக்கு ஷாக் அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"யாரு வீடுன்னு கேப்பேன் தம்பி. தொரை பங்களான்னா ஓடிப்போயி என்ஜினை நிறுத்தணும். நம்ம ஆளுன்னா ஒரு பலகைய எடுத்துத் தள்ளிவிட்டுறலாம்லா."

பாடம் வாய்க்கு வந்தாலும் கைக்கு வராது என்று கண்டுபிடித்தவர் அவர் மனைவி. வீட்டில் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் மெயினை அடைக்க வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டார். கீரை ஆய உட்கார்ந்தாலும் சரி, சட்டைப் பொத்தான் தைத்தாலும் சரி. ஒரே மாதத்தில் பழக்கம் வந்தது. வந்த பழக்கம் வீட்டோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் வணக்கத்துக்கு முன்னால் மெயின் விழும். வானொலி நாடகத்தில் கதாநாயகி அழ ஆரம்பித்த இடத்திலேயே நிற்பாள். முடிவெட்டும் கடையில் தன் முறை வந்ததும் எழுந்து மெயினை அடைத்தார். அடுத்த நாற்காலியில் மெஷின் பாதித் தலையில் நின்றுபோன மனிதர் வெகுநாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுக் கடை பாய் மட்டும் தன்மையாகச் சொன்னார்:

"அண்ணே, நீங்க பாஸ் பண்ற வரைக்கும் தே தாரிக் டீய வீட்டுக்கே அனுப்பிடுறேன். கடைப் பக்கம் மட்டும் வந்துறாதீங்க. ஐஸ் எல்லாம் தண்ணியாயிருது."

பரீட்சை நாளும் வந்தது. அண்ணன் தன் பலகை முன் நின்றார், மெயினை அடைத்தார், ஃபியூசையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். கோளாறு ஐந்தே நிமிடத்தில் அகப்பட்டது. நான் பக்கத்துப் பலகையில் போன தடவை போதாத நேரத்தை இந்தத் தடவை மிச்சம் பிடிக்கும் அவசரத்தில் நின்றேன். மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடப்போனேன். ஒரு கை குறுக்கே வந்து என் மெயினைப் படக்கென்று அடைத்தது. ஆறு மாதமாக அவருக்கு மெயின் மெயின் என்று மந்திரம் ஓதியவன், என் மெயினைத் திறந்தே வைத்திருந்தேன்.

அதிகாரி எழுந்து வந்தார். அடுத்தவன் பலகையைத் தொட்டால் பரீட்சையை ரத்து செய்யலாம் தெரியுமா என்று கேட்டார். அண்ணன் முகத்தில் தவுக்கே வந்து போனதை நான் பார்த்தேன்.

"தெரியும் துவான். பரீட்சை அடுத்த தடவையும் வரும். இவன் வரமாட்டான்."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சில வாரங்களில் எனக்குக் கடிதம் வந்தது. பெயில், நியாயமான பெயில். அண்ணனிடம் சொன்னேன். தனக்கு இன்னும் கடிதமே வரவில்லை என்றார். தவுக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தாதது ஏன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. வரிசை முழுக்க விசாரித்தது. பாய் வாரத்துக்கு இரண்டு தடவை விசாரித்தார். எல்லாருக்கும் அதே பதில்தான். அக்காவும் அதையே சொன்னார்.

அடுத்த தடவை நான் பாஸ் செய்தேன். கடிதத்தோடு ஓடினேன். அண்ணன் உள்ளே போய், மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு பாஸ் கடிதத்தை எடுத்து வந்து, தனக்கும் இன்றைக்குத்தான் வந்தது என்றார். மேலே இருந்த தேதிக்கு ஆறு மாத வயது. போன பரீட்சைக்கு வந்த கடிதம் அது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துப் போய், இருவரும் பாஸ் என்று சொல்ல எங்கள் வரிசையின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.